டெசலேஷன், சான் வான், ஓவாய்ஹீ: குடும்பத்தோட போக மூணுல எந்த ஆறு?

போன வருஷம் ஏப்ரல்ல, அமெரிக்காவுல ஓவாய்ஹீ ஆத்துல, காத்தடைச்ச ராஃப்ட் படகுலேர்ந்து அத்தான் விழுந்துட்டாரு. விசிலிங் பேர்டுன்னு ஒரு ரேப்பிட், அதாவது பாறைங்களுக்கு நடுவுல தண்ணி வேகமா பாயற இடம், ஆறு அங்க வளையும்போது தண்ணி மொத்தமும் படகை பாறைச்சுவரு பக்கமாவே தள்ளும், அதுக்கு முன்னாடியே துடுப்பு போட்டு விலகிடணும், நாங்க ரெண்டு செகண்ட் லேட். அவர் தண்ணிக்குள்ள இருந்தது ஒரு நிமிஷம் கூட இருக்காது. ஆனா அது பனி உருகி வர்ற தண்ணி, கரைக்கு இழுத்துட்டு வந்தப்போ லைஃப் ஜாக்கெட் பக்கிளை அவரால கழட்ட முடியல, விரல் மடங்கவே இல்ல. ஈரத்துணிய மாத்தி, ஸ்லீப்பிங் பேக்ல சுருட்டி, சர்க்கரை போட்டு சுடுதண்ணி குடுத்து, நடுக்கம் நிக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. வீட்டுக்கு வந்து அக்காகிட்ட சொன்னப்போ அவ திட்டல. ஒண்ணே ஒண்ணு தான் கேட்டா: "அங்க அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா எத்தனை மணி நேரத்துல ஆள் வந்திருப்பாங்க?"

என்கிட்ட பதில் இல்ல. அதுக்கு முன்னாடி நாலு ட்ரிப் போயிருக்கேன், எந்த ரேப்பிட் எந்த கிளாஸ், எந்த பக்கமா இறங்கணும்னு மேப் பாக்காம சொல்லுவேன், இந்த கேள்விய மட்டும் ஒரு தடவை கூட கணக்கு போட்டு பாத்ததில்ல.

இந்த வருஷம் எட்டு பேர் போறோம். நானும் என் வீட்டுக்காரரும், அக்கா, அத்தான், அவங்க பசங்க ரெண்டு பேர், பதினாலு வயசு ஒண்ணு பதினொண்ணு ஒண்ணு, அப்புறம் கூட வேலை பாக்குற ஒரு ஜோடி. இதுல துடுப்பு ஒழுங்கா போடத் தெரிஞ்சது மூணு பேர். அக்கா நாப்பது வயசுக்கு மேல தான் நீச்சல் கத்துக்கிட்டா, அதுவும் குளத்துல. நாங்க இருக்கறது சால்ட் லேக் சிட்டி பக்கம், அதனால யூட்டா ஆறுங்க கிட்ட, ஓவாய்ஹீ ஒரு முழு நாள் டிரைவ். இந்த மூணு ஆத்துலயும் நான் போயிருக்கேன், அதனால ஒப்பிட்டு எழுதறேன், உங்க குரூப் வேற மாதிரி இருந்தா உங்க முடிவும் வேற மாதிரி வரலாம்.

முதல்ல லிஸ்ட்லேர்ந்து எடுத்தது கிராண்ட் கேன்யன். எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. லீஸ் ஃபெர்ரிலேர்ந்து டயமண்ட் க்ரீக் வரைக்குமே 226 மைல், துடுப்பு போட்டு போனா ரெண்டு வாரத்துக்கு மேல, ஆத்துல இறங்க பெர்மிட் லாட்டரி குலுக்கல்ல தான், அது விழறது அபூர்வம், கிளென் கேன்யன் அணையோட அடியிலேர்ந்து வர்ற தண்ணி கோடைலயும் ஐஸ் மாதிரி இருக்கும், லாவா ஃபால்ஸ் மாதிரி பெரிய ரேப்பிட்ல பதினொரு வயசு பையனை உக்கார வெச்சு நான் துடுப்பு பிடிக்க மாட்டேன். டெக்சஸ்ல இருக்கறவங்களுக்கு ரியோ கிராண்டேவோட லோயர் கேன்யன்ஸ் நல்ல சாய்ஸ், 83 மைல், அவ்வளவு தனிமை வேற எங்கயும் கிடைக்காதுன்னு சொல்லுவேன், எங்களுக்கு ரொம்ப தூரம். மிச்சம் மூணு.

ஒரு விஷயம் சொல்லிட்டு ஆத்துக்குள்ள போறேன். ரேப்பிடுக்கு கிளாஸ் ஒண்ணுலேர்ந்து ஆறு வரை நம்பர் இருக்கு, நம்பர் ஏற ஏற கஷ்டம். இந்த மூணு ஆறுமே பேப்பர்ல கிட்டத்தட்ட ஒரே ரகம், கிளாஸ் ரெண்டு, அங்கங்க மூணு. அதை வெச்சு ஒப்பிட்டா மூணும் ஒண்ணு தான்னு தோணும், தப்பு அங்க தான். ரோட்டோரமா ஓடுற ஆத்துல கிளாஸ் மூணுல விழுந்தா ஈரத்தோட கார்ல ஏறி ஹீட்டர் போட்டுக்கலாம். ரெண்டு பக்கமும் ஆயிரம் அடி பாறை, அடுத்த ரோடு மூணு நாள் தள்ளின்னு இருக்கற இடத்துல அதே ரேப்பிட் அதே ரேப்பிட் இல்ல. பழைய ஆளுங்க இப்படி இடத்துல மூணை நாலுன்னு நினைச்சு நடந்துக்கோன்னு சொல்லுவாங்க. கையில சாட்டிலைட் மெசேஞ்சர் வெச்சிருந்தாலும், மெசேஜ் போயி, ஆள் கிளம்பி, அந்த பள்ளத்தாக்குல ஹெலிகாப்டர் இறங்க ஒரு மணல்திட்டு தேடி, அரை நாள் ஆகும்னு வெச்சுக்கிட்டு தான் நான் இப்போ பிளான் போடறேன், காத்து பலமா இருந்தா அடுத்த நாள் காலைல தான்.

சரி, ஓவாய்ஹீ. ஆரிகன் மாநிலத்தோட தென்கிழக்கு மூலை, ரோம்னு ஒரு இடத்துல இறங்கி பர்ச் க்ரீக் வரைக்கும் 48 மைல் சொச்சம், நாலு நாள் அஞ்சு நாள். பேரு ஹவாய் தான், பழைய ஸ்பெல்லிங். 1819 வாக்குல தோல் வியாபாரத்துக்கு வேட்டையாட அனுப்பின மூணு ஹவாய்க்காரங்க இந்த ஆத்துப்பக்கம் போயி திரும்பி வரவே இல்ல, அவங்க நினைவா அந்த பேரு நின்னுடுச்சு. சமுத்திரத்துல பொறந்து வளந்தவங்க ஒரு பாலைவனத்துல காணாம போயிருக்காங்க, ரோம்ல படகுக்கு காத்து அடிக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

அழகுன்னு பாத்தா மூணுல இதுக்கு தான் என் ஓட்டு. எரிமலைப் பாறையும் சுண்ணாம்பு வெள்ளையும் செங்காவியும் அடுக்கடுக்கா, சாக் பேசின் கிட்ட சாயங்கால வெயில் விழும்போது மலையே கோலமாவும் காவியும் மாத்தி மாத்தி பூசின மாதிரி இருக்கும். நடுவுல வெந்நீர் ஊத்துங்க இருக்கு, நாள் பூரா குளிர்ல நடுங்கிட்டு அதுல கழுத்து வரைக்கும் உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. வீப்பிங் வால்னு ஒரு இடத்துல பாறைச்சுவத்துலேர்ந்தே ஊத்துத்தண்ணி கசிஞ்சு விழும், கேன்ல பிடிச்சுக்கலாம். இன்னொரு பெரிய வசதி லாட்டரி கிடையாது, பதிவு பண்ணிட்டு போயிட்டே இருக்கலாம்.

ஆனா இது பனியை நம்பி இருக்கற ஆறு. மார்ச்லேர்ந்து ஜூன் ஆரம்பம் வரை தான் சீசன், பனி குறைஞ்ச வருஷம்னா அதுவும் இல்ல. நம்ம ஊர் பேப்பர்ல மேட்டூருக்கு விநாடிக்கு இத்தனை கன அடி நீர்வரத்துன்னு தினம் போடுவாங்களே, அதே கணக்கு தான் இங்கயும், ரோம்ல இருக்கற அரசாங்க அளவுமானி எத்தனை கன அடின்னு நெட்லயே பாக்கலாம். ஆயிரத்துலேர்ந்து நாலாயிரம் கன அடி வரைக்கும் ராஃப்டுக்கு சுகம், ஐநூறு கிட்ட இறங்கிட்டா டக்கின்னு சொல்ற காத்தடைச்ச சின்ன கயாக் தான் போகும், ராஃப்ட் கல்லு கல்லா மாட்டும். இளம் பனி மேல சூடான மழை பெஞ்சா ரெண்டு நாள்ல பல மடங்கு ஏறிடும், அப்போ இறங்கவே கூடாது. அதனால தேதிய முன்கூட்டி முடிவு பண்ண முடியாது, மார்ச்ல பனி அளவு ரிப்போர்ட்டையும் அளவுமானியையும் பாத்துட்டே இருந்து சட்டுனு லீவு போடணும். ஸ்கூல் போற பசங்கள வெச்சுக்கிட்டு இது எப்படி நடக்கும்?

அப்புறம் அந்த பர்ச் க்ரீக் ரோடு. காய்ஞ்சிருந்தா ஃபோர் வீல் டிரைவ் வண்டி மெதுவா ஏறிடும். மழை பெஞ்சா நம்ம கரிசக்காட்டு மண்ணு மாதிரி டயர்ல அப்பி வண்டி நகராது. அப்படி ஆச்சுன்னா இன்னும் கீழ லெஸ்லி கல்ச் வரைக்கும் போகணும், அந்த கடைசி தூரம் அணை தேங்கின தண்ணி, ஓட்டமே இல்லாம எதிர்காத்துல துடுப்பு போட்டே தீக்கணும். இதெல்லாம் கூட பரவால்ல. குளிர் தான் விஷயம். பாலைவனம்னா வெயில்னு நாம நினைச்சுக்கறோம், ஏப்ரல் ஓவாய்ஹீல ராத்திரி பனி கொட்டும், தண்ணில விழுந்தா முதல் நிமிஷம் மூச்சு வாங்கத் திணறும், அடுத்த பத்து நிமிஷத்துல கைகால் சொன்ன பேச்சு கேக்காது. அத்தான் போட்டிருந்தது வெட் சூட், உள்ள தண்ணி புகுற ரகம், அதுவே அந்த நிலைமை. உள்ள தண்ணியே புகாத ட்ரை சூட் இல்லாம அந்த ஆத்துல ஏப்ரல்ல யாரையும் நான் இனிமே ஏத்த மாட்டேன், பசங்க சைஸுக்கு ட்ரை சூட் தேடி வாடகைக்கு எடுக்கறது தனி போராட்டம்.

ரெண்டாவது சான் வான். யூட்டாவோட தெற்கு ஓரம், பிளஃப்ங்கற சின்ன ஊர்கிட்ட சாண்ட் ஐலண்ட்ல இறங்கி மெக்சிகன் ஹாட் வரைக்கும் 27 மைல் போலாம், இல்ல இன்னும் 57 மைல் சேத்து கிளே ஹில்ஸ் வரைக்கும் போலாம். மேல் பகுதி கீழ் பகுதின்னு சொல்லுவாங்க, ரெண்டையும் தனித்தனி ஆறா நினைச்சுக்கிட்டா முடிவு சுலபம்.

மேல் பகுதி மூணு நாள் ட்ரிப். இறங்கின கொஞ்ச தூரத்துலயே பட்லர் வாஷ் கிட்ட பாறை முழுக்க பழைய செதுக்கல், ஆள் உயரத்துக்கு உருவங்க, அடுத்து ரிவர் ஹவுஸ்னு பாறைப் பொந்துக்குள்ள கட்டின வீடுங்க, எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி புவேப்லோ மக்களோட முன்னோர்கள் இருந்த இடம். கேன்யனுக்குள்ள நுழைஞ்சா சுண்ணாம்புக்கல்லு, 30 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடல்ல கிடந்த கிளிஞ்சல் தடம் அதுல அப்படியே இருக்கும், சின்னவன் ஒவ்வொரு கல்லையும் தூக்கிப் பாப்பான்னு எனக்கு இப்பவே தெரியுது, எடுத்துட்டு வரக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வெக்கணும். ரேப்பிடுன்னு பாத்தா எய்ட் ஃபுட், லெட்ஜ் மாதிரி நாலஞ்சு, எதுவும் மிரட்டாது. தண்ணி கூடுதலா ஓடற நாள்ல மணல் அலைன்னு ஒரு விசித்திரம் வரும், ஆத்தடி மணல் நகர நகர மேல தண்ணி வரிசையா அலையா எந்திரிக்கும், கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும், படகு குதிரை மேல போற மாதிரி ஆடும். ஷட்டில், அதாவது ட்ரிப் முடியற இடத்துல காரை முன்னாடியே கொண்டு போய் நிறுத்தறது, அதுவும் சுலபம், ரெண்டு ஊரும் நெடுஞ்சாலைல இருக்கு, காரை கொண்டு போய் விட்டுட்டு வர்றதுக்குள்ள மத்தவங்க ராஃப்டுக்கு காத்து அடிச்சு முடிச்சிருப்பாங்க. அக்கா கேள்விக்கு இங்க பதில் இருக்கு: எவ்வளவு மோசமா போனாலும் ஒரு நாளைக்குள்ள மெக்சிகன் ஹாட்ல கரை ஏறிடலாம்.

கீழ் பகுதில கூஸ்நெக்ஸ் இருக்கு, ஆறு ஆயிரம் அடி ஆழத்துல பாம்பு மாதிரி சுத்தி சுத்தி போற இடம், மேல வியூ பாயிண்ட்லேர்ந்து போட்டோ பாத்திருப்பீங்க. கவர்ன்மெண்ட் ரேப்பிட்னு ஒரு கிளாஸ் மூணும் இருக்கு. ஆனா ஸ்லிக்ஹார்ன் தாண்டினதும் ஆறு செத்துப்போன மாதிரி ஆயிடும். கிளென் கேன்யன் அணை தேக்கின பவல் ஏரி ஒரு காலத்துல நிரம்பி நின்னப்போ வண்டல் எல்லாம் இங்க படிஞ்சுடுச்சு, இப்போ அந்த சேத்து மேல தண்ணி மெல்லிசா பரவி ஓடுது, இறங்கி தள்ளணும், முழங்கால் வரைக்கும் புதையும். முக்கியமா கிளே ஹில்ஸ்ல கரையேறத் தவறவே கூடாது, அதுக்கு சில மைல் கீழ ஏரி வத்தினப்போ ஆறு பழைய வழிய விட்டுட்டு பாறை மேல பாஞ்சு ஒரு அருவியே உண்டாகியிருக்கு. அந்த கடைசி ரெண்டு நாள் சேத்துக்காக பசங்க வெறுத்துடுவாங்கன்னு கீழ் பகுதிய நான் எடுத்துட்டேன்.

சான் வான்ல குடிதண்ணி தான் பெரிய குறை. தண்ணி டீ கலர்ல இருக்கும், அதாவது நல்ல நாள்ல. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் வெச்சாலும் எட்டு பேருக்கு மூணு நாளைக்கு 96 லிட்டர், 96 கிலோ, அதை ராஃப்ட்ல கட்டி ஏத்தணும். ஆத்துத்தண்ணிய பக்கெட்ல பிடிச்சு படிகாரம் போட்டு கலக்கி வெச்சா காலைல வண்டல் அடில தங்கி மேல தெளிஞ்சு நிக்கும், பாட்டி கிணத்துத்தண்ணிக்கு தேத்தாங்கொட்டை உரசுவாங்களே அதே வேலை தான், இங்க மளிகைக்கடைல ஊறுகாய் போடற படிகாரம்னு மசாலா வரிசைல சின்ன டப்பால கிடைக்கும். ஆனா படிகாரம் மண்ணை தான் இறக்கும், கிருமிய கொல்லாது, அப்புறம் ஃபில்டர் பண்ணணும். சான் வான்ல அதுக்கும் மேல ஒரு கவலை, மேல விவசாய நிலத்து தண்ணி எல்லாம் கலக்குது, 2015 ஆகஸ்ட்ல கோல்ட் கிங் சுரங்கத்துலேர்ந்து உடைச்சுக்கிட்டு வந்த மஞ்சக் கழிவு அனிமஸ் ஆறு வழியா இதுல தான் வந்து சேந்தது. அந்த மாதிரி சமாச்சாரத்தை கையில எடுத்துட்டு போற ஃபில்டர் பிரிக்காது. அதனால இந்த ஆத்துக்கு பாத்திரம் கழுவ தான் படிகாரத் தண்ணி, குடிக்க வீட்லேர்ந்தே.

இடது கரை நவாஹோ பூர்வகுடி மக்களோட நிலம். அங்க கூடாரம் போடவோ ஏறி நடக்கவோ அவங்க நிர்வாகத்துகிட்ட தனியா அனுமதி வாங்கணும், அரசாங்க பெர்மிட் அதுக்கு செல்லாது. ஆள் இல்லாத இடம் தானேன்னு சிலபேர் இறங்கிடறாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அது இன்னொருத்தர் வீட்டு முத்தம்.

மூணாவது டெசலேஷன். கிரீன் ஆறு, சாண்ட் வாஷ்லேர்ந்து ஸ்வேசீஸ் வரைக்கும் 84 மைல், கிட்டத்தட்ட 135 கிலோமீட்டர், கடைசி பகுதிக்கு கிரே கேன்யன்னு பேரு. 1869ல ஜான் வெஸ்லி பவல் மரப்படகுல இந்த வழியா போனப்போ வெச்ச பேரு டெசலேஷன், ஆளரவம் இல்லாத பாழ்னு அர்த்தம். அவருக்கு போர்ல ஒரு கை போயிருந்துச்சு, ஒத்தைக்கையோட அந்த பாறைல ஏறி அளவு எடுத்திருக்காரு. இப்பவும் உள்ள போயிட்டா அந்த பேரு சரின்னு தோணும். சில இடத்துல ஆத்துலேர்ந்து மலை உச்சி அஞ்சாயிரம் அடிக்கும் மேல.

இந்த ஆத்தை எனக்கு ரொம்பப் பிடிக்க ஒரு காரணம் இருக்கு, எங்க குரூப்புக்கு இதை நான் முன்னாடி வெக்கறதுக்கும் அதே காரணம் தான். ரேப்பிடும் சலசலப்புமா அறுபதுக்கு மேல இருக்கு, ஆனா முதல் ரெண்டு நாள் ஒண்ணுமே வராது. தண்ணி அமைதியா போகும். அந்த ரெண்டு நாள்ல அக்காவை துடுப்பு போட வெக்கலாம், பசங்கள வேணும்னே தண்ணில குதிக்க வெச்சு திரும்ப ராஃப்ட்ல ஏற பழக்கலாம், த்ரோ பேக், அதான் விழுந்தவங்களுக்கு எறியற கயித்துப் பை, அதை வீசிப் பாக்கலாம், யாரு சொன்ன பேச்சு கேப்பாங்க யாரு கேக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுடும். அப்புறம் சின்ன சின்னதா ஆரம்பிச்சு, ஸ்டீர் ரிட்ஜ், ஜோ ஹட்ச், த்ரீ ஃபோர்ட்ஸ், கோல் க்ரீக்னு போகப் போக வலு கூடும். பள்ளிக்கூடத்துல ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து ஏத்திக் குடுக்கற மாதிரி ஆறே பாடம் நடத்தும். ஓவாய்ஹீல அந்த அவகாசம் கிடைக்கல, உடம்பு சூடேறறதுக்குள்ள ரேப்பிட் வந்துடுச்சு.

முகாம் இடங்களும் இங்க தான் நல்லா இருக்கும், பெரிய மணல் கரை, காட்டன்வுட் மர நிழல். பாதி வழில ராக் க்ரீக்னு ஒரு ஓடை, கண்ணாடி மாதிரி தண்ணி, ஃபில்டர் பண்ணி கேன் எல்லாத்தையும் நிரப்பிக்கலாம், அதனால மொத்த ட்ரிப்புக்கும் தண்ணி சுமக்க வேண்டாம், பாதி சுமந்தா போதும். ஃப்ரீமான்ட்னு பழங்காலப் பூர்வகுடி மக்கள் செதுக்கின உருவங்க, கைவிட்ட பழைய பண்ணை வீடுங்க, நடக்க ஆசைப்படறவங்களுக்கு வேலை இருக்கு. இங்கயும் இடது கரைல ரொம்ப தூரத்துக்கு யூட் பூர்வகுடி மக்களோட நிலம், அதே விதி, அனுமதி இல்லாம கால் வெக்கக்கூடாது.

குறையும் சொல்லணும். சாண்ட் வாஷ் போற வழி மைட்டன்லேர்ந்து நாப்பது மைலுக்கு மேல மண்ரோடு, இல்லன்னா கிரீன் ரிவர் ஊர்லேர்ந்து சின்ன விமானத்துல போய் மேட்டு மேல இறங்கி, அங்கேர்ந்து ஆத்துக்கு நடந்து இறங்கணும், சாமான் தனியா வண்டில வரும். விமானம் ஏற அக்காவுக்கு சம்மதம், பட்ஜெட்டுக்கு தான் சம்மதம் இல்ல. கொசு. ஜூன்ல சாண்ட் வாஷ்ல சாயங்காலம் நின்னா பேச வாயத் திறக்க முடியாது, முதல் ராத்திரி அங்க தங்கணும்னா வலை போட்ட கூடாரம் இல்லாம தப்பிக்க முடியாது, ஒரு நாள் கீழ போயிட்டா பாதியா குறையும். எதிர்காத்து தினமும் மத்தியானத்துக்கு மேல ஆரம்பிச்சுடும், அந்த ஓட்டமில்லாத முதல் நாள்ல துடுப்பு போட்டாலும் ராஃப்ட் பின்னாடி போகும், அதனால அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஏழுக்குள்ள தண்ணில இருக்கணும். ஜூன் ஆரம்பத்துல யாம்பா ஆத்துப் பனித்தண்ணி சேந்து பத்தாயிரம் பதினஞ்சாயிரம் கன அடின்னு ஓடும், ஆகஸ்ட் கடைசில ரெண்டாயிரம் கிட்ட இறங்கிடும். ஜூன் கடைசி வாரம் எனக்கு சரியா படுது, வெள்ளம் இறங்க ஆரம்பிச்சிருக்கும், தண்ணி குளிரும் விட்டிருக்கும், மழைக்காலம் இன்னும் வந்திருக்காது. ஜூலை பாதிக்கு மேல செப்டம்பர் வரைக்கும் எங்கயோ மலைல பெஞ்ச மழை பக்கத்து ஓடைல காட்டாறா கல்லும் சேறுமா வந்து விழும், நம்ம தலைக்கு மேல நீல வானமா இருக்கும்போதே வரும். எந்த ஆறா இருந்தாலும் ஓடை வாய்ல கூடாரம் போடாதீங்க, மணல் எவ்வளவு மெத்தையா இருந்தாலும்.

ஆனா உதவி? இங்க தான் மனசு இழுத்துச்சு. டெசலேஷன் நடுவுல ஏதாவது ஆச்சுன்னா சான் வான் மேல் பகுதி மாதிரி ஒரு நாள்ல வெளிய வர முடியாது. அதுக்கு நான் கண்டுபிடிச்ச பதில் கொஞ்சம் நீளம். ரெண்டு ராஃப்ட், ரெண்டுலயும் தனித்தனியா முதலுதவிப் பெட்டி, தனித்தனியா சாட்டிலைட் மெசேஞ்சர், ஒரு படகு போனாலும் இன்னொண்ணு எட்டு பேரையும் தாங்கணும். கிளாஸ் மூணு எல்லாத்துலயும் இறங்கி நடந்து போய் பாத்துட்டு தான் போறது, பசங்களும் அக்காவும் வேணும்னா கரைவழியா நடந்து கடந்துக்கலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. ஜூன் கடைசில விழுந்தாலும் வெயில் அடுத்த நிமிஷமே சூடேத்திடும், விரல் மடங்காத நிலைமை வராது. ஓவாய்ஹீ ஏப்ரலுக்கும் இதுக்கும் முக்கியமான வித்தியாசம் கன அடியும் இல்ல கிளாஸும் இல்ல, விழுந்தவங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்குங்கறது தான்.

கூட வர்ற ஜோடி, காசு குடுத்து கைடோட போயிடலாமேன்னு கேட்டாங்க. நல்ல யோசனை தான், குரூப்ல கிளாஸ் மூணுல துடுப்பு பிடிச்சவங்க யாருமே இல்லன்னா வேற யோசனையே வேண்டாம், அதைத்தான் பண்ணணும். சாப்பாடு, படகு, டாய்லெட் எல்லாம் அவங்க பாத்துப்பாங்க. நாங்க மூணு பேர் இருக்கறதால சொந்தமா போறோம். வாடகை ராஃப்ட் எடுத்தா முதல் நாளே வீட்டு வாசல்ல முழுக்க காத்து அடிச்சு ராத்திரி விட்டுப் பாருங்க. ஒரு தடவை நாங்க எடுத்த ராஃப்ட்ல ஒரு வால்வ் மெதுவா காத்து விட்டுட்டே இருந்துச்சு, ஆத்துல இறங்கின ரெண்டாவது நாள் தான் தெரிஞ்சது, மீதி நாள் முழுக்க மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பம்ப் அடிச்சோம். கூடுதல் துடுப்பு, கூடுதல் லைஃப் ஜாக்கெட், ரிப்பேர் கிட், பம்ப், நெருப்புக்கு இரும்புத் தட்டு, எடுத்துட்டுப் போற டாய்லெட், இதெல்லாம் இல்லாம டெசலேஷன்லயும் சான் வான்லயும் இறங்கவே விட மாட்டாங்க.

டாய்லெட் பத்தி நம்ம ஆளுங்க வெளிப்படையா கேக்கக் கூச்சப்படறாங்க, அதனால நானே சொல்லிடறேன். இந்த ரெண்டு ஆத்துலயும் சிறுநீர் ஆத்துல தான், கரை மணல்ல போனா அடுத்த குரூப்புக்கு நாறும். மத்தது காத்துப்புகாத டப்பால, ஊருக்கு எடுத்துட்டு வந்துடணும். முகாம் போட்டதும் முதல் வேலையா அதுக்கு ஒரு மறைவான இடம் பாத்து வெப்போம், நல்ல வியூவா பாத்து வெப்போம். துடுப்புல ஒண்ணை வழில நட்டு வெச்சா ஆள் போயிருக்காங்கன்னு அர்த்தம். அக்காவுக்கு ரேப்பிட் பயத்தை விட இந்த பயம் தான் அதிகமா இருந்துச்சு, விளக்கிச் சொன்னதும் பாதி சரியாயிடுச்சு.

இப்போ தேதிக்கு வர்றேன். டெசலேஷனுக்கும் சான் வானுக்கும் லாட்டரி டிசம்பர் 1லேர்ந்து ஜனவரி 31 வரைக்கும். ஓவாய்ஹீக்கு லாட்டரி இல்ல, மார்ச்ல பனி பாத்து முடிவு. இதை கவனிச்சா மூணும் ஒண்ணுக்கொண்ணு போட்டியே இல்ல, ஒவ்வொண்ணையும் முடிவு பண்ற மாசம் வேற. டெசலேஷன் ஜூன் கடைசி வாரம் எங்க முதல் விருப்பம், ஆறு ராத்திரி. அது விழலன்னா சான் வான் மேல் பகுதி, அக்டோபர்ல யூட்டா பள்ளிக்கூடங்களுக்கு விடற யூஇஏ லீவுல. அது லாட்டரி சீசனுக்கு வெளிய, பெர்மிட் வேணும் ஆனா முந்தினவங்களுக்கு கிடைக்கும், தண்ணி குறைவா இருந்தாலும் ஐநூறு கன அடிக்கு மேல ஓடினா போதும், ராத்திரி குளிரும், பகல் சுகமா இருக்கும். ஓவாய்ஹீ பெரியவங்க நாலு பேருக்கு மட்டும், பனி நல்லா விழுந்தா, மே மாசத்துக்கு தள்ளி, எல்லாருக்கும் ட்ரை சூட் இருந்தா. அத்தான் இன்னும் அங்க போகணும்னு தான் சொல்றாரு.

பெரியவங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா அப்ளை பண்ணலாம், அதனால எங்க ஆறு பேர்ல அஞ்சு பேர் டெசலேஷனுக்கு போட்டிருக்கோம். ரெண்டு பேருக்கு விழுந்தா ஒண்ணை உடனே திருப்பிக் குடுத்துடுவோம், வேற யாராவது போகட்டும். அஞ்சுல ஒண்ணு அக்கா போட்டது. ட்ரிப் லீடர் பேருங்கற கட்டத்துல தன் பேரை எழுதிட்டு, எமர்ஜென்சி பிளான் பேப்பரை என்கிட்டேர்ந்து வாங்கி, ஒவ்வொரு முகாம்லேர்ந்தும் அடுத்த ரோடு எத்தனை மைல்னு அவளே மேப்ல ஸ்கேல் வெச்சு அளந்து பென்சில்ல குறிச்சிருக்கா. நாலாவது நாள் இடத்துல மட்டும் ரெண்டு தடவை அழிச்சு எழுதியிருக்கு. அந்த முகாமை அஞ்சு மைல் கீழ தள்ள முடியுமான்னு நேத்து ராத்திரி போன் பண்ணிக் கேட்டா, முடியும்னு பாத்துச் சொன்னேன்.